காட்சிச் செயல்நினைவின் எல்லைகள்: போடிநாயக்கனூர் ஏலக்காய்த் தரம்பிரிப்பை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

கண்முன் இருந்து மறைந்த ஒரு பொருளைச் சில நொடிகள் மனத்தில் நிறுத்தி, அடுத்து வரும் பொருளோடு ஒப்பிட உதவும் ஆற்றலை உளவியலார் காட்சிச் செயல்நினைவு என்பர். இதன் கொள்ளளவு மிகச் சிறிது. ஏறத்தாழ மூன்று அல்லது நான்கு எளிய பொருள்களே அதில் அடங்கும். 1960 முதல் நிகழ்த்தப்பட்ட முதன்மையான சோதனைகளின் வழி இவ்வெல்லையை விளக்கி, போடிநாயக்கனூரிலும் அதனை அடுத்த ஏலமலைச் சரிவுகளிலும் நடைபெறும் காய் எடுப்பு, தரம்பிரிப்பு, ஏலம் ஆகிய பணிகளோடு அதனைப் பொருத்திப் பார்க்கிறது இக்கட்டுரை. சல்லடை, லிட்டர் எடை, மாதிரிக் காய் முதலியன இவ்வெல்லையைக் கடக்கத் துணைசெய்யும் புறநினைவுகள் என்பதும், தரம்பிரிப்பில் நேரும் பிழைகளுள் ஒரு பகுதி பணியின் அமைப்பிலிருந்தே பிறக்கிறது என்பதும், அதனைப் பணியாளரின் கவனக்குறைவாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

திறவுச் சொற்கள்: செயல்நினைவு, காட்சி அறிவு, ஏலக்காய், தரம்பிரிப்பு, போடிநாயக்கனூர், அவதானம், புறநினைவு.

முன்னுரை

தேனி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் போடிநாயக்கனூர். அங்கிருந்து போடிமெட்டு வழியாக மேலேறும் சாலை, கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து ஏலமலைப் பகுதிக்குச் செல்கிறது. மலையில் விளையும் காய் கீழே இறங்கி இவ்வூரில் விலையாகிறது. தமிழில் 'ஏலம்' என்னும் சொல் நறுமணக் காயையும் குறிக்கும். கூவி விற்கும் முறையையும் குறிக்கும். முன்னது தொன்மையான சொல். பின்னது போர்ச்சுகீசியரின் 'லெயிலாவ்' என்பதிலிருந்து வந்தது. வெவ்வேறு வழியில் வந்த இவ்விரு சொற்களும் போடிநாயக்கனூரில் ஒரே கூரையின் கீழ்ப் பொருள்படுகின்றன.

இக்காயின் மதிப்பைப் பெரிதும் முடிவு செய்வது கண். பச்சையின் ஆழம், காயின் பருமன், தோலின் முழுமை, வெடிப்பின்மை, பூச்சித் தழும்பின்மை ஆகியவை பார்த்தறியப்படுபவை. தோட்டத்தில் காய் எடுக்கும் பெண்ணும், கிட்டங்கியில் காய் பொறுக்கும் பெண்ணும், ஏலக்கூடத்தில் மாதிரியைப் பார்க்கும் வணிகரும் ஒவ்வொரு நாளும் எண்ணற்ற முறை ஒரே செயலைச் செய்கின்றனர்: ஒரு காயைக் கண்டு, அதனை மனத்தில் நிறுத்தி, மற்றொன்றோடு ஒப்பிடுகின்றனர். இதில் நேரும் பிழைக்கு விலை உண்டு. பிரித்த குவியலில் வெடித்த காய் கிடந்தால் பொறுக்கியவர் பேச்சு வாங்குவார். நல்ல பச்சை அறியப்படாமல் போனால் விளைவித்தவர் வருவாய் இழப்பார்.

தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுக்கும்போது கண்ணை நான்காம் அறிவோடும் மனத்தை ஆறாம் அறிவோடும் வைக்கிறது. கண் கண்டது மனத்தின் தீர்ப்பாக மாறுவதற்கு முன் எங்கே, எவ்வளவு, எத்தனை நேரம் தங்குகிறது என்பது கடந்த அறுபது ஆண்டுகளாகச் சோதனை உளவியல் ஆராய்ந்துவரும் வினா. அவ்வாராய்ச்சியின் முடிவுகளை ஏலக்காய்த் தொழிலோடு இயைத்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். சோதனைச் சான்றுகள் பிறநாட்டு ஆய்வகங்களில் பெறப்பட்டவை. அவற்றை இத்தொழிலுக்குப் பொருத்தும் கருத்துகள் கட்டுரையாளருடையவை.

1. கண்ட கணமும் அதற்கடுத்த நொடியும்

ஒரு காட்சியைக் கண்டு முடித்த கணத்தில் அது முழுவதும் நம்மிடம் இருப்பதாகவே தோன்றுகிறது. இத்தோற்றத்தை முதலில் அளந்தவர் அமெரிக்க உளவியலார் ஜார்ஜ் ஸ்பெர்லிங். 1960-இல் வெளியான அவருடைய ஆய்வில், வரிசைக்கு நான்காக மூன்று வரிசைகளில் பன்னிரண்டு எழுத்துகள் ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரம் காட்டப்பட்டன. கண்டவற்றை எல்லாம் கூறுமாறு கேட்டால், பங்கேற்றோர் நான்கு அல்லது ஐந்து எழுத்துகளே கூறினர். எழுத்துகள் மறைந்தவுடன் ஓர் ஒலியை எழுப்பி, அந்த ஒலி சுட்டும் வரிசையை மட்டும் கூறச் சொன்னபோது அவ்வரிசையின் நான்கில் ஏறத்தாழ மூன்றைக் கூறினர். எவ்வரிசை கேட்கப்படும் என்பது அவர்களுக்கு முன்னரே தெரியாது. ஆகவே அக்கணத்தில் மூன்று வரிசைகளிலும் அந்த அளவு எழுத்துகள், அதாவது ஒன்பதுக்குக் குறையாதவை, மனத்தில் இருந்திருக்க வேண்டும். ஒலியை ஒரு நொடி தாமதித்தபோது இந்த நன்மை மறைந்தது.

இதிலிருந்து இரு நிலைகள் பிரிந்து தெரிகின்றன. முதலாவது, கண்ட காட்சியின் நிழல்போல விரிவாகத் தோன்றி ஒரு நொடிக்குள் கரையும் புலன்நினைவு. இரண்டாவது, அதிலிருந்து தேர்ந்தெடுத்த சிலவற்றை மட்டும் பல நொடிகள் காத்துவைக்கும் நினைவு. 1974-இல் ஆலன் பேட்லியும் கிரகாம் ஹிட்ச்சும் இந்த இரண்டாம் நிலையைச் 'செயல்நினைவு' என்னும் கோட்பாடாக வகுத்தனர். தகவலை வைத்திருத்தல், அதனைக் கொண்டு கணித்தல், ஒப்பிடுதல், முடிவு செய்தல் ஆகிய பணிகள் அங்கு நிகழ்வதால் அப்பெயர் பெற்றது. சொற்களை ஒலிவடிவில் சுழற்றி வைத்திருக்கும் பகுதியும், உருவையும் இடத்தையும் வைத்திருக்கும் பகுதியும் அதில் தனித்தனியே இயங்குகின்றன என்பது அவர்கள் கோட்பாட்டின் கூறு. பின்னது இக்கட்டுரையின் பொருள்.

தட்டில் பரப்பிய காய்களை ஒருமுறை நோக்கி நிமிர்பவர் 'எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன்' என்று கூறுவது பொய்யன்று. அவர் கண் அவற்றைக் கண்டது. அந்த நிழல் கரைந்தபின் மனத்தில் எஞ்சுவது மிகச் சில என்பதே உண்மை நிலை. ஒருவர் கண்டதற்கும் அவர் வைத்திருப்பதற்கும் உள்ள இந்த இடைவெளி அவருக்கே புலப்படுவதில்லை.

2. எத்தனை பொருள்?

செயல்நினைவின் அளவு குறித்த எண்களுள் பலரும் அறிந்தது 1956-இல் ஜார்ஜ் மில்லர் முன்வைத்த 'ஏழு, கூடுதலாகவோ குறைவாகவோ இரண்டு' என்பதாகும். அது பெரும்பாலும் எண்கள், சொற்கள் போன்றவற்றுக்கு உரியது. அவற்றை மனத்துக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக் காக்க முடியும். காட்சிக்கு அத்தகைய வாய்ப்புக் குறைவு.

ஸ்டீவன் லக், எட்வர்ட் வோகல் ஆகியோர் 1997-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு காட்சிக்குரிய அளவை எளிய முறையில் காட்டியது. திரையில் சில வண்ணச் சதுரங்கள் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் தோன்றும். ஏறத்தாழ ஒரு நொடி வெற்றுத் திரை. பின் அதே சதுரங்கள் மீண்டும் தோன்றும். அவற்றுள் ஒன்றின் நிறம் மாறியிருக்கலாம், மாறாமலும் இருக்கலாம். பங்கேற்பவர் மாறியதா இல்லையா என்று கூற வேண்டும். மூன்று சதுரங்கள் வரை பிழை ஏறத்தாழ இல்லை. நான்கிலிருந்து பிழை தொடங்கி, எண்ணிக்கை பன்னிரண்டை நோக்கி உயர உயரப் பெருகியது. பல வகைச் சான்றுகளைத் தொகுத்த நெல்சன் கோவன் 2001-இல் மையக் கொள்ளளவு ஏறத்தாழ நான்கு என்று நிறுவினார்.

இந்த எண்ணைக் கணக்கிடும் முறையும் அறியத்தக்கது. எட்டுப் பொருள்கள் காட்டப்பட்டன எனக் கொள்வோம். மாற்றம் நிகழ்ந்தபோது ஒருவர் நூற்றுக்கு 60 முறை சரியாகக் கண்டார். மாற்றம் நிகழாதபோது நூற்றுக்கு 10 முறை தவறாக 'மாறியது' என்றார். இந்த 10 ஊகத்தின் பங்கு. அதனைக் கழித்தால் எஞ்சுவது 50. எட்டில் பாதி நான்கு. அதுவே அவர் உண்மையில் வைத்திருந்த பொருள்களின் எண்ணிக்கை. ஊகத்தால் கிடைத்த சரியான விடையையும் நினைவால் கிடைத்ததையும் பிரித்தறிய இக்கணக்கு உதவுகிறது.

இதனை வாசகர் வீட்டிலேயே உணரலாம். வெள்ளைத் தாளில் பச்சையின் ஆழத்தால் வேறுபட்ட எட்டு ஏலக்காய்களைப் பரப்பி, ஒரு நொடி பார்த்துக் கண்ணை மூடிக்கொள்க. மற்றொருவர் ஒன்றை எடுத்து அதே இடத்தில் வேறொரு காயை வைக்கட்டும். கண் திறந்தபின் எது மாறியது என்று கூறுதல் எளிதன்று. மூன்று காய்களோடு செய்தால் அதே செயல் எளிதாகிவிடும்.

அன்றாட வாழ்விலும் இவ்வெல்லை வெளிப்படும். 1998-இல் டேனியல் சைமன்ஸ், டேனியல் லெவின் ஆகியோர் நடத்திய சோதனையில், வழி கேட்கும் ஒருவரோடு வழிப்போக்கர் பேசிக்கொண்டிருக்கும்போது இருவர் ஒரு கதவைச் சுமந்து இடையே புகுந்து செல்வர். அக்கணத்தில் வழி கேட்டவர் மாறி, வேறொருவர் அங்கே நிற்பார். வழிப்போக்கருள் ஏறத்தாழப் பாதிப்பேர் இம்மாற்றத்தை உணரவில்லை. பேசிக்கொண்டிருந்த மனிதரே மாறியதை அறியாத கண், ஆயிரம் காய்களுக்கு நடுவே ஒரு காயின் தழும்பைத் தவறவிடுதல் வியப்பன்று.

3. நான்கு அறைகளா, பங்கிடப்படும் வளமா?

நான்கு என்னும் எண்ணை எவ்வாறு விளங்கிக்கொள்வது என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஒரு சாரார், நினைவில் நான்கு அறைகள் உள்ளன என்றும் ஒவ்வோர் அறையிலும் ஒரு பொருள் அடங்கும் என்றும் ஐந்தாவதற்கு இடமே இல்லை என்றும் கருதுவர். மற்றொரு சாரார், நினைவு என்பது ஒரே வளம் என்பர். கிணற்றிலிருந்து வரும் நீரை எத்தனை பாத்திக்கும் பிரித்து விடலாம்; பாத்தி பெருகப் பெருக ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது குறையும். அதுபோல எத்தனை பொருளும் நினைவில் இடம்பெறலாம். எண்ணிக்கை கூடக்கூட ஒவ்வொன்றின் துல்லியமும் குறையும் என்பது இவர்கள் வாதம்.

'மாறியதா, இல்லையா' என்னும் வினா இவ்விரண்டையும் பிரித்துக் காட்டாது. ஆகவே வண்ண வட்டம் ஒன்றைக் காட்டி, 'அந்த இடத்தில் இருந்த நிறம் எது?' என்று சுட்டச் சொல்லும் முறை கையாளப்பட்டது. உண்மை நிறத்துக்கும் சுட்டிய நிறத்துக்கும் உள்ள தொலைவே பிழையின் அளவு. இம்முறையைக் கொண்டு 2008-இல் வெய்வெய் ஜாங், ஸ்டீவன் லக் ஆகியோர் அறைக் கொள்கைக்குச் சார்பான முடிவை வெளியிட்டனர். அதே ஆண்டில் பால் பேஸ், மசூத் ஹுசைன் ஆகியோர், நினைவின் துல்லியம் ஒரு பொருளிலிருந்து இரண்டாகும்போதே குறையத் தொடங்குகிறது என்று காட்டி வளக் கொள்கையை வலியுறுத்தினர். இவ்விவாதம் இன்றும் தொடர்கிறது.

தரம்பிரிப்பவருக்கு இவ்விவாதம் தரும் பாடம் ஒன்றே. எண்ணிக்கை நான்குக்கு உட்பட்டிருந்தாலும் துல்லியம் முழுமையாக இருக்கும் என்பதில்லை. அதனோடு பொருளின் நுட்பமும் கணக்கில் சேரும். ஜார்ஜ் ஆல்வாரெஸ், பாட்ரிக் கவானா ஆகியோர் 2004-இல் பல வகைப் பொருள்களை ஒப்பிட்டபோது, எளிய வண்ணங்களுக்கு நான்குக்குச் சற்று மேற்பட்டிருந்த கொள்ளளவு, நிழலிட்ட கனசதுரங்களுக்கு இரண்டுக்கும் கீழே இறங்கியது. சிவப்புச் சதுரமும் நீலச் சதுரமும் ஒன்றிலிருந்து ஒன்று வெகுதொலைவில் உள்ளவை. ஏலக்காய்கள் அத்தகையன அல்ல. ஒரே வடிவமும் ஒரே நிறக் குடும்பமும் கொண்டவை. வேறுபாடு நுண்ணியதாகும்போது ஆய்வகத்தின் 'நான்கு' என்னும் எண்ணைவிடக் குறைந்த எல்லையை எதிர்பார்ப்பதே தக்கது.

இவ்வெல்லை மூளையின் செயலிலும் காணப்படுகிறது. 2004-இல் வெளியான இரு ஆய்வுகள், மூளையின் பின்மேற்பகுதியான சுவர்மடலில் எழும் செயற்பாடு நினைவில் உள்ள பொருள்களின் எண்ணிக்கையோடு உயர்ந்து, அவரவர் கொள்ளளவை எட்டியதும் மேலே ஏறாமல் நின்றுவிடுவதைக் காட்டின. கொள்ளளவு ஆளுக்கு ஆள் மாறும். குறைந்த கொள்ளளவு உடையோர் தேவையற்ற பொருள்களையும் நினைவுக்குள் விட்டுவிடுகின்றனர் என்பதை வோகலும் அவர் குழுவினரும் 2005-இல் கண்டனர். எதை உள்ளே விடாமல் தடுப்பது என்பதும் இந்நினைவின் திறனே.

4. பச்சை என்னும் நிறத்தின் நினைவு

ஏலக்காயின் பச்சை எளிதில் அழியக்கூடியது. பறித்த காயில் ஏறத்தாழ 80 விழுக்காடு ஈரம் இருக்கும். உலர்கூடத்தில் அதனை 10 முதல் 12 விழுக்காடாகக் குறைக்க வேண்டும். ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்து ஏறத்தாழ ஒரு கிலோ ஆகும். வெப்பம் மிகுந்தால் இலைப்பச்சையம் சிதைந்து காய் பழுப்பேறும். வெயிலும் ஒளியும் பட்டால் வெளுக்கும். சலவைச் சோடா கலந்த நீரில் சிறிது நேரம் ஊறவைத்து உலர்த்துவதும், கறுப்புப் பாலித்தீன் உறையிட்ட மூட்டையில் கட்டுவதும் நிறத்தைக் காக்கும் முறைகள். இத்தனை உழைப்பின் பயனும், கடைசியில் மாதிரியைப் பார்ப்பவரின் கண்ணிலும் நினைவிலும் வந்து நிற்கிறது.

ஏலக்காய் வணிகம் நறுமணப் பொருள் வாரியத்தின் உரிமம் பெற்ற ஏலங்கள் வழியாக நடைபெறுவது. இதற்கான விதிகள் 1987-இல் வகுக்கப்பட்டன. முன்பு வாயால் கேட்கப்பட்ட விலை, இப்போது மின்னணு ஏலத்தில் கணினி வழியே பதிவாகிறது. விலை கேட்கும் முறை மாறினாலும் பார்க்கும் முறை பெரிதும் மாறவில்லை. ஒவ்வொரு லாட்டின் மாதிரியும் வணிகர்முன் வைக்கப்படுகிறது. அவர் பார்த்து, தொட்டு, முகர்ந்து விலை கூறுகிறார். ஒன்றன்பின் ஒன்றாக லாட்டுகள் வரும் ஏலத்தில், முன்னர்ப் பார்த்த பச்சையைப் பின்னர் வரும் பச்சையோடு நினைவைக் கொண்டே ஒப்பிட நேரிடும்.

நிறத்தின் நினைவு எவ்வாறு பிழைபடும் என்பதை கி-யெல் பே முதலியோர் 2015-இல் ஆராய்ந்தனர். நினைவிலிருந்து சுட்டப்படும் நிறம், அந்நிறம் சேரும் வகையின் நடுவை நோக்கி நகர்கிறது என்று அவர்கள் கண்டனர். சான்றாக, சற்று நீலம் கலந்த பச்சையைக் கண்டவர், பின்னர் நினைவுகூரும்போது 'நல்ல பச்சை' எனப்படும் நிறத்துக்கு நெருங்கியதைச் சுட்டுவார். மனம், நிறத்தின் துல்லியமான அளவோடு அதன் வகையையும் சேர்த்து வைக்கிறது. துல்லியம் மங்கும்போது வகை மேலோங்குகிறது.

இதிலிருந்து இரு விளைவுகளை எதிர்பார்க்கலாம். பச்சை என்னும் வகைக்குள்ளேயே அமைந்த இரு லாட்டுகளின் வேறுபாடு நினைவில் சுருங்கும். மிகச் சிறந்த பச்சைக்கும் நல்ல பச்சைக்கும் உள்ள இடைவெளி குறையும். பச்சைக்கும் மஞ்சளுக்கும் இடைப்பட்ட எல்லையின் இருபுறமும் அமைந்த இரு லாட்டுகளின் வேறுபாடோ நினைவில் விரியும். முதல் விளைவால் சிறந்த காய் விளைவித்தவரும், இரண்டாவதால் எல்லையை மயிரிழையில் தாண்டியவரும் இழப்புறுவர். இவை எவரும் வேண்டுமென்று செய்யும் அநீதி அல்ல. நினைவின் இயல்பில் விளையும் சாய்வுகள்.

முன்கண்டதன் சாயல் பின்காண்பதில் படிவதும் உண்டு. 2014-இல் ஜேசன் பிஷர், டேவிட் விட்னி ஆகியோர் கோடுகளின் சாய்வைக் கொண்டு நடத்திய ஆய்வில், இப்போது காண்பதன் தோற்றம் சற்றுமுன் கண்டதை நோக்கி இழுபடுவதைக் காட்டினர். ஏலத்தில் லாட்டுகள் வரும் வரிசை இத்தகைய சாய்வுக்கு இடமளிக்கிறதா என்பதை, ஒரே மாதிரியை வெவ்வேறு வரிசையில் வைத்துச் சோதிக்கலாம். நிறமானி கொண்டு அளந்த மாதிரிகளும் சில பங்கேற்பாளரும் போதும்; போடிநாயக்கனூர் போன்ற ஊரில் செய்யத்தக்க ஆய்வு அது.

5. பழகிய கண்ணும் அவதானமும்

'முப்பது ஆண்டு காய் பார்த்தவருக்கு இவ்வெல்லை பொருந்துமா?' என்னும் வினா இங்கு எழும். இதற்குச் சதுரங்க ஆய்வு விடை தருகிறது. 1973-இல் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் ஆகியோர் காய்கள் அமைந்த சதுரங்கப் பலகையைச் சில நொடிகள் காட்டி, அதனை நினைவிலிருந்து மீண்டும் அமைக்கச் சொன்னார்கள். உண்மை ஆட்டத்தின் அமைப்பாயின் வல்லுநர் புதியவரைவிடப் பன்மடங்கு சிறந்தார். காய்களைத் தாறுமாறாக வைத்தபோது அச்சிறப்பு ஏறத்தாழ மறைந்தது. வல்லுநரின் செயல்நினைவு பெரிதாகவில்லை. பல காய்கள் சேர்ந்த பழகிய அமைப்பை அவர் ஒரே பொருளாகக் கொள்கிறார். இதனைத் தொகுத்தல் எனலாம்.

ஏலக்காயைப் பழகியவர் செய்வதும் இதுவே. நிறம், பருமன், மூன்று பட்டை வடிவம், நுனியின் கூர்மை, தோலின் வரி ஆகியவற்றைப் புதியவர் ஐந்து செய்திகளாகக் காண்பார். பழகியவர் 'இது கரிங்காய்ப் பருவத்தில் எடுத்து நன்றாக உலர்த்திய காய்' என ஒரே செய்தியாகக் காண்பார். கரிங்காய் என்பது உள்ளே ஏலரிசி கறுத்து முற்றிய, ஆனால் தோல் பழுத்து மஞ்சளாகாத பருவம். இவ்வறிவு நீண்டகால நினைவில் உறைவது. நீண்டகாலக் காட்சிநினைவின் அளவோ மிகப் பெரிது: 2008-இல் டிமோதி பிரேடி முதலியோர், 2500 பொருள்களின் படங்களை ஒவ்வொன்றும் மூன்று நொடி பார்த்தோர், பின்னர் இணையாகக் காட்டியவற்றுள் தாம் கண்டதை நூற்றுக்கு ஏறத்தாழத் தொண்ணூறு முறை சரியாகத் தேர்ந்ததைக் காட்டினர். வாயில் குறுகியது, களஞ்சியம் பெரிது. பழக்கம் என்பது களஞ்சியத்தில் உள்ளதைக் கொண்டு வாயிலைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் கலை.

தமிழ் மரபில் இதற்கு இணையாக நினைக்கத்தக்கது அவதானக் கலை. எட்டுச் செயல்களை ஒருங்கே கவனிப்பது அட்டாவதானம். நூறு கவனிப்பது சதாவதானம். செய்குத்தம்பிப் பாவலர் 1907-இல் சென்னை விக்டோரியா நகர மண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்தியவர். நூறு செய்திகள் ஒரே கணத்தில் செயல்நினைவில் நின்றன என்று இதற்குப் பொருள்கொள்ள வேண்டியதில்லை. அவதானத்தில் வினாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஈற்றடி தந்து வெண்பா கேட்டால், யாப்பின் சட்டகமே சொற்களைப் பிணைத்து வைக்கிறது. முதுகில் விழும் கற்களை எண்ணுவதற்கு ஓர் எண்ணை மட்டும் புதுப்பித்துக்கொண்டிருந்தால் போதும். இலக்கணமும் இலக்கியமும் பல்லாண்டு உறைந்த களஞ்சியத்தில் ஒவ்வொன்றையும் உரிய இடத்தில் வைத்து, வேண்டும்போது எடுக்கிறார் அவதானி. எல்லையைத் தகர்ப்பதைவிட, எல்லையை அறிந்து அதனுள் பயில்வதே அவர் வென்ற வழி.

பழக்கத்துக்கும் ஓர் எல்லை உண்டு. தொகுத்தல், பழகிய அமைப்பு உள்ள இடத்தில்தான் செயற்படும். தட்டில் காய்கள் கிடக்கும் இடத்துக்கு அமைப்பு ஏதும் இல்லை. அது தாறுமாறாக வைத்த சதுரங்கப் பலகையைப் போன்றது. ஒரு காயை அறிவதில் பழகியவர் சிறப்பார். 'எந்தெந்தக் காயைப் பார்த்து முடித்தேன்' என்பதை நினைவில் கொள்வதில் அவருக்கும் புதியவருக்கும் பெரிய வேறுபாட்டை எதிர்பார்க்க இயலாது.

6. பொருள்களே நினைவாதல்

அவ்வாறாயின் இத்தொழில் இத்தனை காலம் எவ்வாறு நடந்துவருகிறது? இதற்கான குறிப்பை 1995-இல் டானா பல்லார்ட், மேரி ஹேஹோ, ஜெப் பெல்ஸ் ஆகியோரின் ஆய்வில் காணலாம். வண்ணக் கட்டைகளால் ஆன ஒரு மாதிரியைப் பார்த்து அவ்வாறே அடுக்குமாறு பணித்து, பங்கேற்றோரின் கண்ணசைவைப் பதிந்தனர். நான்கு கட்டைகளை நினைவில் கொண்டு அடுக்க இயலும் நிலையிலும் அவர்கள் அவ்வாறு செய்யவில்லை. பெரும்பாலும் ஒரு கட்டைக்கு இருமுறை மாதிரியை நோக்கினர்: நிறத்துக்கு ஒருமுறை, இடத்துக்கு ஒருமுறை. நினைவில் சுமப்பதைவிடத் திரும்பிப் பார்ப்பதை மனம் எளிதாகக் கொள்கிறது. கண்முன் உள்ள உலகமே புறநினைவாகப் பயன்படுகிறது.

ஏலக்காய்த் தொழிலின் கருவிகளை இக்கண்கொண்டு நோக்கின் அவற்றின் பொருள் விளங்கும். பருமனைப் பார்த்து நினைவில் ஒப்பிட வேண்டிய தேவையைச் சல்லடை நீக்குகிறது. 7 மில்லிமீட்டர் துளையில் நின்றது ஒரு தரம், விழுந்தது மற்றொரு தரம். கண்ணுக்கும் நினைவுக்கும் அங்கு வேலையில்லை. காயின் நிறைவை லிட்டர் எடை அளக்கிறது. ஒரு லிட்டர் கலத்தில் நிறைந்த காயின் எடை அது. அக்மார்க் தர அளவின்படி ஆலப்புழைப் பச்சையின் மிகப் பருமனான வகை 7 மில்லிமீட்டர் அளவும் லிட்டருக்கு 435 கிராம் எடையும் உடையதாக இருத்தல் வேண்டும். சுருங்கியதும் பொக்கானதுமான காய்கள் கலந்தால் இந்த எண் இறங்கிவிடும். ஒவ்வொரு காயையும் கண்ணால் அறிய வேண்டியதை ஒரே எண்ணாகச் சுருக்கித் தருகிறது இம்முறை.

மலைச் சரிவில் காய் எடுப்பதிலும் இவ்வுத்தி உண்டு. ஏலச்செடியின் சரங்கள் தூரிலிருந்து கிளம்பித் தரையொட்டிப் படர்பவை. ஒரே சரத்தில் பூவும் பிஞ்சும் முற்றிய காயும் ஒருங்கே இருக்கும். முற்றியதை மட்டும் எடுத்து மற்றவற்றை விட்டுச்செல்ல வேண்டும். சில வாரங்களுக்கு ஒருமுறை மீண்டும் அதே செடிக்கு வர வேண்டும். காய் எடுப்பவர் எந்தச் சரத்தில் எத்தனை பிஞ்சு விட்டோம் என்று நினைவில் வைப்பதில்லை. எடுத்த இடம் வெறுமையாகிறது, எடுக்காதது சரத்திலேயே நிற்கிறது. செய்த பணியின் பதிவைச் செடியே காக்கிறது.

இத்தகைய புறநினைவு இல்லாத இடம் நிறமும் குறையும் பார்த்துப் பொறுக்கும் பணி. அங்கேதான் செயல்நினைவின் எல்லை முழுவதும் பணியாளர்மேல் விழுகிறது. நிறம் பிரிக்கும் இயந்திரங்கள் இவ்விடத்தை நிரப்ப முற்படுகின்றன. ஆயினும் இயந்திரம் இல்லாத இடங்களில் கண்ணே கருவி.

7. பணியமைப்புக்குச் சில கருத்துகள்

மேற்கண்ட முடிவுகளிலிருந்து பெரும் செலவின்றிச் செய்யத்தக்க சில மாற்றங்களைக் கருதலாம்.

முதலாவது, தேடும் பொருளைக் குறைத்தல். ஒரே நேரத்தில் இரு வகை இலக்குகளைத் தேடுவோர் ஒன்றை மட்டும் தேடுவோரைவிட மிகுதியாகத் தவறவிடுகின்றனர். ஆகவே வெடித்ததையும் வெளுத்ததையும் பூச்சித் தழும்பையும் ஒரே பார்வையில் நீக்கச் சொல்வதைவிட, ஒரு சுற்றுக்கு ஒரு குறை என வகுப்பது தக்கது.

இரண்டாவது, ஒப்பிடும் மாதிரியைக் கண்முன் வைத்தல். 'இந்தப் பச்சைக்குக் கீழே உள்ளதை நீக்குக' என்று சொல்லால் கூறும்போது அந்தப் பச்சை நினைவில் நகர்ந்துவிடும். அத்தரத்தின் எல்லைக் காய்கள் சிலவற்றைத் தட்டின் ஓரத்தில் வைத்தால் நினைவின் பணியைப் பார்வை ஏற்றுக்கொள்ளும். ஏலக்கூடத்திலும் நிலையான ஒப்பீட்டு மாதிரி வணிகர் கண்முன் இருத்தல், முதல் லாட்டுக்கும் கடைசி லாட்டுக்கும் ஒரே அளவுகோலைத் தரும். மாதிரிக் காய் ஒளியில் வெளுக்குமாதலால் அதனை அவ்வப்போது மாற்றுதல் வேண்டும்.

மூன்றாவது, பார்த்தது, பார்க்காதது என்னும் பிரிவை இடத்தால் காட்டுதல். பார்த்து முடித்த காய் ஒரு கோட்டைத் தாண்டி மறுபுறம் சென்றால் அதனை நினைவில் வைக்க வேண்டியதில்லை.

நான்காவது, அரிதான குறையைப் பற்றிய எதிர்பார்ப்பைத் திருத்துதல். 2005-இல் ஜெரமி வொல்ப் முதலியோர் காட்டியது இங்கு மிக இன்றியமையாதது. தேடும் பொருள் பாதிக் காட்சிகளில் இருந்தபோது நூற்றுக்கு ஏழாக இருந்த தவறுதல், நூற்றில் ஒரு காட்சியில் மட்டும் இருந்தபோது ஏறத்தாழ முப்பதாக உயர்ந்தது. இது நினைவைவிட எதிர்பார்ப்பைச் சார்ந்த எல்லை. குறை அரிதாக அரிதாகக் கண் அதனைத் தவறவிடும் வாய்ப்பு மிகுகிறது. நன்கு பொறுக்கிய குவியலில் கடைசியாக எஞ்சும் ஒன்றிரண்டு வெடித்த காய்களே தப்புவதற்கு மிக எளியவை. அவற்றைக் காட்டிப் பொறுக்கியவரின் கூலியைக் குறைப்பது, மனிதக் கண்ணின் இயல்புக்குத் தண்டம் விதிப்பதாகும்.

முடிவுரை

காட்சிச் செயல்நினைவு மூன்று அல்லது நான்கு எளிய பொருள்களுக்கு மேல் கொள்ளாது. நுண்ணிய வேறுபாடு உடையவற்றில் இந்த எண் மேலும் குறையும். வைத்திருக்கும் நிறமும் காலம் செல்லச்செல்ல வகையின் நடுவை நோக்கி நகரும். பழக்கம் இவ்வெல்லையை நீக்குவதில்லை. அறிந்த பொருளைத் தொகுத்துக் காண உதவுகிறது. சல்லடையும் லிட்டர் எடையும் நினைவின் சுமையைப் பொருளின்மேல் ஏற்றிவைத்த முன்னோரின் தொழிலறிவு. பருமனுக்கும் நிறைவுக்கும் கிடைத்த இத்துணை நிறத்துக்கும் குறைக்கும் இன்னும் முழுமையாகக் கிடைக்கவில்லை. கண்முன் வைத்த சில மாதிரிக் காய்களும், ஒரு சுற்றுக்கு ஒரு குறை என்னும் ஒழுங்கும் அத்துணையின் தொடக்கமாக அமையலாம். 'கவனக்குறைவு' என்னும் சொல்லைப் பயன்படுத்துவதற்கு முன், அப்பணி மனிதக் கவனத்தின் அளவுக்குள் அமைந்துள்ளதா என்று வினவுதல் வேண்டும். கூலியும் விலையும் அந்த விடையைச் சார்ந்து நிற்கின்றன.